செருப்புக் காவல்

எங்கள் ஊர்ச் சாமி வருடத்துக்கு ஒரு முறை, மாசி மகத்தன்று, கடலுக்குக் குளிக்கப் போகும். ஓமந்தூர்ப் பக்கத்திலிருந்து மரக்காணம் கடற்கரைக்கு முன்பெல்லாம் மாட்டு வண்டியில் போனது, பிறகு டிராக்டரில் போனது. நாங்களும் பின்னாலேயே போவோம். கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து நாற்பத்தெட்டு மாசி மகம் நான் அந்தக் கடற்கரைக்குப் போயிருக்கிறேன். சாமி குளித்ததை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

காரணம் செருப்பு. முதல் வருடம் புதுப்பெண் என்று என்னை வண்டியிலேயே உட்காரவைத்துவிட்டு, என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு வாங்கிய புதுச் செருப்பை மணலில் கழற்றி விட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் போனார். திரும்பி வந்தால் செருப்பு இல்லை. மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. அடுத்த வருடத்திலிருந்து என்னைக் காவல் வைத்துவிட்டார்.

"இந்தாமே, இங்கியே குந்திக்கோ. எங்கியும் நவுராத. ஜல்தியா வந்துடறேன்."

நான் உட்கார்ந்தேன். அதைப் பார்த்து அவருடைய தம்பியும் செருப்பை விட்டார். தம்பி பெண்டாட்டி விட்டாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள். "அதான் அது குந்திக்கினு இருக்குதே, அங்க வுட்டுட்டு வா" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். ஏழெட்டு வருடத்தில் வண்டியில் வந்த எல்லாருடைய செருப்பும் என் முன்னால் இருந்தது. மாட்டேன் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. யாராவது எதிரில் நின்று பேசினாலே முந்தானையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்ப்பேன். தரையிலும் செருப்புதான் இருந்தது.

அவர் திரும்பி வந்ததும் கேட்பேன். "சாமி முங்குச்சா?"

"முங்காம? கிரீடம் வரைக்கும் மூணு முங்கு. தண்ணி அப்பிடியே பொங்கி வருது. நீ பாத்திருக்கணும்."

அவர் வேட்டி நுனிகூட நனைந்திருக்காது. கேட்டால் காற்றில் காய்ந்துவிட்டது என்பார். கடற்காற்று பலமான காற்றுதான். பேசும்போது வாயில் மசால்வடை வாசனை வரும். கடற்கரையில் எல்லாம் விற்கிறார்கள். நான் அதற்கு மேல் யோசித்ததில்லை.

அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. அதிலிருந்து நான் விழுப்புரத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். மாசி மகம் வந்தால் மகன், "கூட்டத்துல நீ எதுக்கும்மா கஷ்டப்படற? டிவில காட்டுவான் பாரு" என்பான். டிவியில் காட்டுவது பெரிய கோயில் சாமிகளை. எங்கள் சாமி டிவியில் வருகிற அளவுக்குப் பெரிய சாமி இல்லை.

எனக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று இருந்தது. பெரிய ஆசை என்று சொல்ல முடியாது. நாற்பத்தெட்டு தடவை பக்கத்தில் போய்விட்டுத் திரும்பிய ஒன்று, கடைசிவரை பார்க்காமலே போய்விடுமோ என்ற எண்ணம். செருப்புக்குக் காவல் உட்கார்ந்த இடத்திலிருந்து தலையைத் தூக்கினால் மஞ்சள் நிறத்தில் ஒரு மாடிக் கட்டடம் தெரியும். கடலோர லாட்ஜ். மாடி வராந்தாவில் நாலைந்து பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடிபடாமல், சௌகரியமாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அன்றைக்குப் போனால் ரூம் கிடைக்காது. அதனால் இரண்டு நாள் முன்னாலேயே கிளம்பினேன்.

திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிற என் தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று மகனிடம் சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கம் போகிற திண்டிவனம் பஸ்ஸில் ஏறினேன். திண்டிவனத்தில் இறங்கி மரக்காணம் பஸ். வழியெல்லாம் உப்பளம். உப்பைக் குவித்துக் கீற்று போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

லாட்ஜில் மேசைக்குப் பின்னால் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றி விட்டிருந்தார். ரூம் வேண்டும் என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

"இன்னாம்மா?"

"ரூமு."

"எத்தினி பேரு?"

"நான்தாங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "தனியா வர்றவங்களுக்கு ரூம் குடுக்கறதில்லம்மா. ஓனரு ரூல்சு."

"நான் வயசானவதாங்க."

"அதாம்மா இன்னும் பேஜாரு." கடல் பக்கம் கையைக் காட்டினார். "இப்பிடித்தான் ஒருத்தரு தனியா வந்தாரு. அப்பறம் மூணு மாசம் நான் ஸ்டேஷனுக்கு நடந்தேன்."

கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. நான் கடலில் விழ வந்திருக்கிறேன் என்று நினைக்கிறார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இல்லைங்க, சாமி குளிப்பதைப் பார்க்க வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அது அதைவிட வெட்கமாக இருந்தது. வாய் தானாக ஒன்றைச் சொன்னது.

"அவரும் வர்றாருங்க. அடுத்த பஸ்ஸுல."

"யாரு?"

"வீட்டுக்காரரு."

மேனேஜர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். கழுத்துப் பக்கம் பார்த்த மாதிரி இருந்தது. நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். ஆதார் அட்டை கேட்டார். அது பையின் அடியில் இருந்தது. எடுப்பதற்கு மேலே இருந்ததையெல்லாம் மேசையில் எடுத்து வைக்க வேண்டியதாகிவிட்டது. மாங்காய் ஊறுகாய் பாட்டில், இட்லிப் பொடி டப்பா, வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு பொட்டலம், முறுக்கு, சீப்பு, மூட்டு வலித் தைலம். அந்த நேரம் பார்த்துப் படிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் துடைப்பதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் பார்த்தாள்.

"வீட்டுக்காரரு பேரு?" என்றார் மேனேஜர்.

நான் அந்தப் பேரை வாயால் சொன்னதில்லை. அவர் இருந்தபோதும் இல்லை, போன பிறகும் இல்லை. ரேஷன் கடையிலிருந்து ஆஸ்பத்திரி வரை எங்கே கேட்டாலும் பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். இங்கே பக்கத்தில் யாரும் இல்லை.

"எழுதித் தர்றேங்க" என்றேன். ஐந்தாவது வரை படித்தது அன்றைக்கு உதவியது. எழுதினேன். அவர் அதை வாங்கி சத்தமாகப் படித்தார். ஆறு வருடம் கழித்து அந்தப் பேரை ஒருத்தர் சத்தமாகச் சொல்கிறார். நான் திரும்பி வாசலைப் பார்த்தேன். யாரும் வரவில்லை.

"வயசு?"

"எழுவத்தி நாலு." அதற்கு மேல் அவருக்கு வயது ஏறவில்லை.

மாடியில் ஏழாம் நம்பர் ரூம் கொடுத்தார்கள். கட்டில் இரண்டு பேருக்கானது. நான் ஓரமாகப் படுத்துப் பழகியவள், ஓரமாகவே உட்கார்ந்தேன். ஜன்னலைத் திறந்தால் கடல். வராந்தாவுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துப் பார்த்தேன். சாமி இறங்குகிற இடம் கையில் எடுக்கிற மாதிரி தெரிந்தது. இனி மாசி மகம் வரைக்கும் இந்த ரூம் என் கையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

சாயங்காலம் துடைக்கிற பெண் கதவைத் தட்டினாள்.

"எம்மா, ஐயா வந்துட்டாரா?"

"வந்துட்டாரு. குளிக்கறாரு." பாத்ரூமில் குழாயைத் திறந்து விட்டிருந்தேன்.

"நான் பாக்கவே இல்லியே?"

"நீ அந்தாண்ட போயிருந்தப்ப வந்தாரு."

அவள் வாசலைக் குனிந்து பார்த்தாள். "செருப்பக் காணோம்?"

"வெறுங்காலோடதான் வந்தாரு."

அந்த மூன்று நாளில் நான் சொன்ன பொய்களிலேயே பெரிய பொய் அதுதான். அவர் கேட்டிருந்தால் மன்னித்திருக்க மாட்டார்.

"காபி எத்தினி?"

"ரெண்டு. ஒண்ணுல சக்கரை கம்மியா."

சர்க்கரையை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. காபி வந்தது. முதலில் அவருடையதைக் குடித்தேன், பிறகு என்னுடையதை. கீழே ஊற்ற மனசு வரவில்லை. சாப்பாடும் இரண்டு வந்தது. இரண்டிலும் மீன் குழம்பு. வீணாக்கக் கூடாது என்று முடிந்தவரை சாப்பிட்டேன். மறுநாள் காலை ஆறு இட்லி. பாத்திரம் எடுக்க வந்தவள், "ஐயா நல்லா சாப்பிடறாரே" என்றாள்.

"வயக்காட்டு ஒடம்பு" என்றேன்.

ரூமில் இரண்டு பேர் இருந்தால் பேச்சுச் சத்தம் கேட்க வேண்டும். அதனால் அவ்வப்போது கொஞ்சம் பேசினேன். "ஃபேன் போடட்டுமா?" "முறுக்கு தின்றியா?" "கடலப் பாரு, இன்னிக்கு எவ்ளோ சத்தமா இருக்குது." அவர் இருந்தபோது நான் இவ்வளவு பேசியதில்லை. நடுவில் அவர் பேசிக்கொண்டிருப்பார். சில இடங்களில் அவருடைய பதிலுக்காக நிறுத்தினேன். பதில் என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்பதால் அதிக நேரம் நிறுத்தவில்லை.

மகன் போன் செய்தான். "சித்தி நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்கா."

"இன்னா சத்தம் அது?"

"காத்து."

"அங்க அவ்ளோ காத்தா?"

"ஆத்துக் காத்து" என்றேன். தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் பெண்ணையாறு இருப்பது அன்றைக்கு வசதியாக இருந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் வராந்தாவில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தேன். துடைக்கிற பெண் வாளியை வைத்துவிட்டு எதிரில் வந்து குந்தினாள். நான் ஒரு பிடி அள்ளிக் கொடுத்தேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் உரித்தோம்.

"எம்மா, ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டியே?"

"கேளு."

"வூட்டுக்காரரு போயி எத்தினி வருஷம் ஆவுது?"

என் கையிலிருந்த மல்லாட்டை கீழே விழுந்தது. பொறுக்கிக்கொண்டே சொன்னேன். "ஆறு."

"அதானே பாத்தேன்."

"எப்பிடித் தெரியும்?"

"இன்னாம்மா நீ? கழுத்துதான் சொல்லுதே."

நான் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். தாலி இல்லை. ஆறு வருடமாக இல்லை. புருஷன் வருகிறான் என்று சொன்னவள், பேரை எழுதியவள், வயதைச் சொன்னவள், குழாயைத் திறந்து விட்டவள், இதை மட்டும் மறந்துவிட்டேன். ரூமில் கண்ணாடிகூட இருந்தது.

"மேனேஜருக்குத் தெரியுமா?"

"அவருதான் எனக்கே சொன்னாரு. நீ மாடிப்படி ஏறிக்கினு இருந்தப்பவே."

"அப்பறம் ஏன் ரெண்டு காபி குடுத்தீங்க?"

"நீ ரெண்டு கேட்டியே."

அது நியாயமாகத்தான் இருந்தது.

"அப்பறம் ஏன் ரூம் குடுத்தாரு?"

"நாந்தான் சொன்னேன். யோவ், அது ஊறுகா பாட்டில் எடுத்தாந்திருக்குது, இட்லிப் பொடி எடுத்தாந்திருக்குது, முட்டிக்குத் தைலம் எடுத்தாந்திருக்குது. சாவறதுக்கு வர்றவளுக்கு முட்டி வலிச்சா இன்னா, வலிக்காட்டி இன்னா? அதுக்கு வேற எதுவோ வேலை இருக்குது, வுடுன்னேன்." அவள் தோலை ஊதித் தள்ளினாள். "இன்னா வேலைம்மா?"

சொல்ல வேண்டியதாகிவிட்டது. செருப்பு, நாற்பத்தெட்டு வருடம், மூன்று முங்கு, எல்லாம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "ஒரு செருப்புகூடத் தொலையலியா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒண்ணுகூட இல்ல."

"அது பெரிய விஷயந்தான்" என்றாள். எழுந்து வாளியை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது திரும்பினாள். "ராத்திரிக்கு ஐயாவுக்கு சோறா, தோசையா?"

"தோசை" என்றேன்.

மாசி மகத்தன்று காலையில் எழுந்து குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன். கடல் இல்லை. எதிரில் நீலத் துணிதான் இருந்தது. விடிவதற்குள் யாரோ அன்னதானத்துக்கென்று லாட்ஜுக்கும் கடலுக்கும் நடுவில் சாமியானா போட்டுவிட்டார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து பார்த்தேன். கால் விரலை ஊன்றி எம்பிப் பார்த்தேன். எங்கிருந்து பார்த்தாலும் நீலத் துணி.

தூரத்தில் மேளச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு ஊர்ச் சாமியாக வர ஆரம்பித்துவிட்டது. கீழே போய்க் கூட்டத்துக்குள் நுழைவதைத் தவிர வழியில்லை. இறங்கினேன்.

படிக்கட்டுக்குக் கீழே ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. வேனில் வந்தவர்கள். பெண்கள், பிள்ளைகள், ஆண்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். பெரியவர் ஒருவர் மேனேஜரிடம், "கடலாண்ட வுட்டா போயிடும்யா, இங்கன ஓரமா வுட்டுட்டுப் போறோம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மேனேஜர் தலையாட்டினார். எல்லாரும் செருப்பைக் கழற்றினார்கள். அந்த நேரம் பார்த்து நான் கடைசிப் படியில் கால் வைத்தேன்.

"பெரிம்மா, நீங்க இங்கதான இருப்பீங்க?" என்றாள் ஒரு பெண். "கொஞ்சம் பாத்துக்கங்க. ஜல்தியா வந்துடறோம்."

நான் படியில் உட்கார்ந்தேன். யோசித்து உட்காரவில்லை. செருப்பைப் பார்த்ததும் முட்டி தானாக மடங்கிவிட்டது. இரண்டு நாளாகத் தைலம் தேய்த்தும் மடங்காத முட்டி.

செருப்புகள் என் முன்னால் வந்து சேர்ந்தன. குழந்தைச் செருப்பு ஒன்றில் நடந்தால் விளக்கு எரிந்தது. அது மட்டும்தான் புதிது. மேளம் கிட்டே வந்துவிட்டது. அந்தத் தட்டு எங்கள் ஊர்த் தட்டு, எனக்குத் தெரியும். நாற்பத்தெட்டு வருடம் நான் அதைக் காதால்தான் பார்த்திருக்கிறேன். துடைக்கிற பெண் துடைப்பத்தோடு வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் குடும்பம் வாசலைத் தாண்டப் போனபோது எழுந்து நின்றேன்.

"இந்தாங்க" என்றேன். முதல் தடவை யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். பெரியவர் திரும்பினார். நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன், ஆனால் தரையைப் பார்க்கவில்லை.

"நானும் சாமி பாக்கப் போறேங்க. செருப்ப அவரு பாத்துக்குவாரு. மேல, ரூமுல இருக்காரு."

"யாரும்மா?"

"எங்க வீட்டுக்காரரு."

பெரியவர் மாடியைப் பார்த்தார். "தூங்கிடப் போறாரு?"

"தூங்க மாட்டாருங்க. செருப்பு விஷயத்துல ரொம்ப கவனம்."

பெரியவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார். "ஏழாம் நம்பரு ஐயாதான? தாராளமா வுட்டுட்டுப் போங்க. வந்ததுலருந்து எங்கியும் நவுரல அவரு."

என் செருப்பையும் கழற்றி அந்த வரிசையின் ஓரத்தில் விட்டேன். வெறுங்காலோடு மணலில் இறங்கினேன். மணல் அதற்குள் சுட ஆரம்பித்திருந்தது.

கூட்டத்தில் இடிபட்டு, ஒருவருடைய குடை தலையில் பட்டு, எப்படியோ தண்ணீர் ஓரத்துக்குப் போய்விட்டேன். எங்கள் ஊர்க்காரர்கள் அங்கே நின்றார்கள். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. செருப்பு இருக்கிற பக்கம் பார்த்தால்தான் அவர்களுக்கு நான் தெரிவேன். சாமியைப் பல்லக்கில் தோளில் தூக்கிவந்து ஈர மணலில் நிறுத்தினார்கள். பட்டு, நகை, கழுத்து நிறைய மாலை. பூசாரி ஒரு முழ நீளச் சூலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். மூன்று தடவை முக்கி எடுத்தார். கூட்டம் அரோகரா போட்டது. பூசாரி கரைக்கு ஏறிவிட்டார்.

நான் காத்திருந்தேன். பிறகு பக்கத்தில் நின்ற, முகம் தெரியாத ஒரு அம்மாவிடம் கேட்டேன்.

"சாமி எப்பங்க முங்கும்?"

"சாமி எங்க முங்கும்? உப்புத் தண்ணி பட்டா அலங்காரம் இன்னாத்துக்கு ஆவறது? சூலந்தான் முங்கும்."

"இந்த வருஷந்தான் அப்பிடியா?"

"எந்த வருஷமும் அப்பிடித்தான். நான் சின்னதுலருந்து பாக்கறேனே."

நான் சாமியைப் பார்த்தேன். கிரீடம் தலையில் காய்ந்துபோய் இருந்தது. பூவில்கூட ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அப்படியே திரும்பிக் கரையைப் பார்த்தேன். சாமியானாவுக்கு அந்தப் பக்கம், நிழலில், ஒரு டீக்கடை இருந்தது. பெஞ்சு போட்டு, மசால்வடை சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழெட்டு ஆண்கள் செருப்பில்லாத காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருடைய வேட்டியும் காய்ந்தே இருந்தது.

அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு எல்லாரும் முங்கினார்கள், நானும் முங்கினேன். மூன்று முங்கு. வாயில் உப்பு போனது. புடவை தொப்பலாக நனைந்துவிட்டது.

லாட்ஜுக்கு மெதுவாகத்தான் நடந்தேன். காற்று பலமாக அடித்தது. படிக்கட்டுக்கு வந்து சேர்ந்தபோதும் புடவை காயவில்லை. சொட்டிக்கொண்டே இருந்தது.

அந்தக் குடும்பம் எனக்கு முன்னால் வந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் வைத்த இடத்தில் வைத்த மாதிரி இருந்தன. குழந்தை விளக்கு எரிய நடந்து காட்டியது. துடைக்கிற பெண் படிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மற்ற படிகளெல்லாம் அழுக்காக இருந்தன. செருப்புக்குப் பக்கத்துப் படி மட்டும் பளபள என்று இருந்தது.

"எம்மா, ஐயா எங்க?" என்றார் பெரியவர். "ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு கதவத் தட்டினோம். தெறக்கல."

மேனேஜர் பேனாவை நிறுத்தினார். துடைக்கிற பெண்ணின் கையும் நின்றது.

நான் என் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

"டீ குடிக்கப் போயிருக்காருங்க" என்றேன்.